தெருவே தறியை நிறுத்திய காலை

அன்று காலை எங்கள் தெருவில் காக்கை கத்துவது கேட்டது.

காக்கை தினமும்தான் கத்திக்கொண்டிருந்திருக்கும். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓடும் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் காதில் விழாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தடதடவென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் படித்தேன், தூங்கினேன், அம்மாவிடம் அடி வாங்கினேன். அன்று அந்தச் சத்தம் இல்லை. எனக்காக நிறுத்தியிருந்தார்கள்.

பின்னறையில், மூடிய கதவைப் பார்த்தபடி, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையில் வேறு ஆளில்லை, மேசையில் காகிதமில்லை, கையில் எதுவுமில்லை என்று நிரூபித்தாகிவிட்டது. இனிமேல் தேர்வு முடியும்வரை கதவு திறக்கக் கூடாது. என் குரலைத் தவிர இந்தப் பக்கத்திலிருந்து வேறு மனிதக் குரல் கேட்கக் கூடாது. கேட்டால் தேர்வு ரத்து.

போன வாரம்வரை வார்டு, இரவுப் பணி என்று படித்துவந்தவர்களுக்கு நான் ஒரு நர்ஸ் என்பது தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வில் எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். இது மூன்றாவது. இதிலும் தேறாவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஏஜென்சிக்காரி போனில் சொல்லியிருந்தாள், ரொம்ப இனிமையாக.

இத்தனைக்கும் எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. நான் பேசுகிற விதம்தான் சண்டைக்காரி மாதிரி இருந்தது.

சத்தத்துக்கு மேல் பேசுகிறவர்கள்

விசைத்தறி வீட்டில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே வெளியாள் விலக்கிவிட ஓடி வருவான். நாங்கள் என்ன செய்ய? தறிச் சத்தத்தில் ஒரு சொல்லின் மெல்லிய இடம்தான் முதலில் காணாமல் போகும். குறுக்கு நூல் முடிந்துவிட்டதை "ஊடை தீந்துபோச்சு" என்று மற்றவர்கள் மாதிரி சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். அதனால் நாங்கள் எந்த எழுத்தையும் மெல்லியதாக விடுவதில்லை. ஊ-டை-தீந்-து-போச்-சு என்று ஒவ்வொன்றையும் ஒரே கனத்தில், ஆணி அடிக்கிற மாதிரி அடிப்போம்.

அதுவும் எட்டாத தூரத்தில் கை பேசும். உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் தறியை நிறுத்து. முஷ்டியை முன்னுக்குத் தள்ளினால் ஓட்டு. இரண்டு விரலை விரித்து மூடினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்கு நேரே கொண்டுபோனால் டீ. குழந்தையில் நான் பேசக் கற்றபோதே இதையும் கற்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நைனாவுக்குக் காது மந்தம். தறி அவருக்குச் சேர்த்து வைத்த சொத்து அது. தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது. ரகசியம் என்று சொல்லி அவர் ஆரம்பித்தால் எதிர்வீட்டில் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

இந்தப் பேச்சோடு நான் வார்டுக்குப் போனேன். ஒரு தெலுங்குத் தாத்தாவிடம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "எந்துக்கம்மா கோபம்?" என்றார். ஏன் கோபம் என்று கேட்டதில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். 'டெம்பரேச்சர்' என்று நான் சொன்னால் நான்கு அறை விழும். முதல் தேர்வில் அறுவை சிகிச்சைக்குப் பயப்படும் பெண்ணாக ஒருத்தி நடித்தாள். பயப்பட வேண்டாம் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டே போனாள்.

மாதவியின் கோடுகள்

இரண்டாம் முறையும் தோற்ற பிறகுதான் மாதவியைத் தேடிப் போனேன். என்னைவிடச் சின்னவள். திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், பேச்சு வகுப்பு நடத்திவந்தாள். சொந்த ஊர் சந்திரகிரி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள்.

முதல் நாள் என்னைப் பேச வைத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாள். திரையில் என் குரல் கோடாக வந்தது. மேலே ஒன்று, சத்தத்தின் அளவு. கீழே ஒன்று, சுருதி. பிறகு ஓர் ஆங்கிலக்காரி அதே வாக்கியத்தைப் பேசிய பதிவைப் போட்டாள். அவளுடைய கீழ்க்கோடு ஒரு இடத்தில் எழும்பி, நீண்டு, இறங்கியது. மற்ற இடங்களில் சின்னதாக, மங்கலாக ஓடியது. என்னுடையது பலகை மாதிரி ஒரே மட்டம். மேலே உள்ள சத்தக் கோடு மட்டும் வரிசையாக வேலிக்கால் நட்ட மாதிரி நின்றது.

"அக்கா, நீங்க சத்தத்த மட்டும் வெச்சிக்கினு எல்லா எழுத்தையும் அடிக்கிறீங்க," என்றாள். "கல்யாணத்துல எல்லார் கழுத்துலயும் மாலை போட்டா மாப்பிள்ளை யாருன்னு எப்படித் தெரியும்? தெரியாது கதா?"

அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மாதவி கோட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஓர் அசை அழுத்தம் பெறும்போது பெரும்பாலும் சில காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. சுருதி நகர்கிறது, அநேகமாக மேலே. அந்த அசை நீள்கிறது. அதன் உயிரொலி முழுசாக, தெளிவாக ஒலிக்கிறது. சத்தமும் கொஞ்சம் கூடுகிறது. பக்கத்து அசைகள் சுருங்கி வழி விடுகின்றன. கேட்கிறவர் காதுக்கு இவற்றில் சத்தம்தான் கடைசி ஆள் என்றாள் அவள். நான் அந்தக் கடைசி ஆளை மட்டும் நம்பிப் பிழைப்பை ஓட்டியிருந்தேன்.

"ஒரு வாக்கியம் பேசறீங்க. அதுல பேஷண்ட் வீட்டுக்கு எடுத்துக்கினு போக வேண்டிய சொல் எது? அதுக்கு மட்டும் எடம் குடுங்க. மத்தத விட்டுடுங்க. அந்தே." அவ்வளவுதான் என்பதை அவள் இப்படித்தான் தெலுங்கில் சொல்வாள், கையைத் தட்டிவிட்டு.

விடுவதுதான் எனக்கு வரவில்லை. ஓர் எழுத்தை விட்டால் எதிராளிக்குக் கேட்காது, நூல் அறுந்துவிடும், துணி கெட்டுவிடும் என்று என் உடம்பு நம்பியது. மாதவி என் கையில் ஒரு ரப்பர் பேண்டைக் கொடுத்தாள். அழுத்தம் வரும் அசையில் இழு, மற்றதில் தளர்த்து. டிரிப் பாட்டில் மாற்றும்போதும், பஸ்ஸில் போகும்போதும் இழுத்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டருக்குக் கைநடுக்கமா என்று ஒரு நோயாளி கேட்டார்.

விடுமுறைக்கு நகரி போகும் வழியில், புத்தூர் பஸ் நிலையத்தில், எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸின் கண்டக்டர் 'திருப்தீஈஈ' என்று கூவிக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் எழுத்தை முழுசாக விழுங்கிவிட்டார். விழுங்கியதற்காக யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. நீட்டிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மாதவி சொன்னது எனக்குள் இறங்கியது.

ஆனால் அதற்கு வீட்டில் விலை இருந்தது. அன்று சாப்பிடும்போது நைனாவிடம் என்னவோ சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா முணுமுணுன்னு? ஒண்ணும் கேக்கல."

மறுபடி சொன்னேன். என்னை அறியாமல் புதுப் பேச்சு தமிழிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட பேசப் புடிக்கலன்னா வுடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அப்புறம் நிமிரவே இல்லை. இந்தப் பேச்சு வந்துவிட்டால் அயர்லாந்தில் எல்லாரோடும் பேசலாம், நைனாவோடு பேச முடியாது என்று தோன்றியது.

தறியை யார் நிறுத்துவது?

சென்னைத் தேர்வு மையத்தில் அந்த மாதத்துக்கு இடமே இல்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகத் தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. நிசப்தமான அறை வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

விடுதி அறையில் என்னோடு இன்னும் பெண்கள் இருந்தார்கள், ஷிப்டு மாறி மாறித் தூங்குகிறவர்கள். திருப்பதியில் ஒரு லாட்ஜ் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூட்டமாக கோவிந்தா முழக்கம். புண்ணியம்தான், தேர்வுக்கு ஆகாது. மாதவி வீட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை, டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நகரி வீட்டில் நல்ல நெட் லைன் இருந்தது, கதவுள்ள அறை இருந்தது. சத்தம் ஒன்றுதான் பாக்கி.

"நைனா, அரை மணி நேரம் தறி நிக்கணும். நம்முது மட்டும் இல்ல. தெருவு பூரா." பழைய பாணியில், எழுத்து எழுத்தாக அடித்துத்தான் சொன்னேன்.

"கரண்டு கீதா?"

"கீது."

"கரண்டு கீறப்போ தறிய நிறுத்தணும்னு யாரு வூட்டாண்ட போயி நான் கேப்பேன்? இன்னா பேசற நீ?"

அவர் ஏன் அதிர்ந்தார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் தறி நிற்கும். ஆனால் கூடவே ஃபேனும் நின்றுவிடும், எல்லாரும் வாசலுக்கு வந்து வாயடிக்க ஆரம்பிப்பார்கள். தெரு கலகலவென்றுதான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது ஒரு தெருவின் தறி மொத்தமும் நிற்பது எங்கள் பக்கத்தில் ஒன்றுக்குத்தான். பிணம் கிடக்கும் வீட்டுக்காக. ஆள் அனுப்பிச் சொல்லக்கூட வேண்டாம், அடுத்த தெருக்காரர்கள் அந்த அமைதியைக் கேட்டே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

எங்கள் தெரு கடைசியாக அப்படி நின்றது அம்மாவுக்காக.

நைனா அன்று எழுந்து போய்விட்டார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்து எழுந்தவர். மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. தேர்வு அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அவர் வீடு வீடாகப் போயிருக்கிறார். எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமாதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவர்தான் முதலில் மல்லுக்கு நின்றவராம்.

"உம் பொண்ணு பாஸாவறதுக்கு நாங்க எல்லாம் துக்கம் காக்கணுமா மச்சான்? நல்லா கீற தெருவுக்கு ஏன் கெட்டத இழுத்து வெக்கிற?"

அதற்கு நைனா தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாராம்: "செத்தவங்களுக்கு நிறுத்தறீங்க, அவங்களுக்குக் காது கேக்குதா? உசுரோட கீறவளுக்கு ஒருக்கா நிறுத்துங்கடா."

அதைக் கேட்டு மாமாவே முதலில் தலையாட்டினாராம்.

தேர்வன்று காலை நைனா குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "நான் கதவாண்டயே நிக்கறேன். ஈ காக்கா உள்ள வராது," என்றார். சொன்னது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். நான் பயந்துபோய் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினேன். நிறுத்து. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவுக்கு அடியில் ஒரு நிழல்

திரையில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். எனக்கு ஒரு நிலைமை எழுத்தில் வந்தது. வயதானவர் ஒருவர் கீழே விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அவருடைய மகன் இப்போதுதான் வந்து சேர்கிறான். யாரும் தனக்குத் தகவல் சொல்லவில்லை என்ற கோபம் அவனுக்கு. நர்ஸ் அவனை அமைதிப்படுத்த வேண்டும். நர்ஸ் நான், திரையில் இருந்த பெண்மணிதான் அந்த மகன்.

யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள். அந்த நேரம் முழுதும் நான் யோசித்தது அம்மாவைப் பற்றி. கேட்டு வாங்கிய அமைதிதான், ஆனால் அது வந்ததும் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாள் போலவே இருந்தது. ஊதுவத்தி வாசனைகூட வந்தது.

கதவைப் பார்த்தேன். அடியில் உள்ள இடைவெளியில் இரண்டு நிழல் தெரிந்தது. நைனாவின் கால்கள். சொன்ன இடத்தில் நின்றிருந்தார்.

அந்தப் பெண்மணி கோபத்தை ஆரம்பித்தாள். கத்தவே இல்லை. யாருமே எனக்குச் சொல்லவில்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'நோபடி'யின் முதல் அசை மட்டும் மேலே ஏறி நீண்டது. அதிலேயே முழுக் கோபமும் இருந்தது. நான் மெல்ல ஆரம்பித்தேன். என் குரல் அந்த அறையில் தனியாக ஒலிப்பதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். யாரோ மாதிரி இருந்தது. கை மேசைக்கு அடியில் இல்லாத ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று பதில் நன்றாகவே போயிற்று. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் தூரத்தில், பின்தெரு முனையில். பிறகு நெருங்கி. ஒப்பாரி.

"எங்கண்ணா... என்ன வுட்டுட்டுப் பூட்டியேண்ணா..."

மல்லிகா அத்தையின் குரல். நைனாவின் தங்கை. அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

கதவுக்கு அடியில் பார்த்தேன். நிழல் இல்லை.

நர்ஸாக எத்தனையோ பேர் கடைசி நிமிடத்தைப் பார்த்திருக்கிறேன், பதறியதில்லை. அன்று என் மண்டைக்குள் எல்லாமே தறிகெட்டு ஓடியது. காலையில் அவர் மாத்திரை போட்டாரா? வெறும் வயிற்றோடு நிற்கிறாரே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அவரைத்தான் சத்தம் போடாதே என்று நான் வாயை மூட வைத்திருக்கிறேனே. என் கை லேப்டாப் மூடியைப் பிடித்துவிட்டது. கதவைத் திறந்தால் தேர்வு போயிற்று. திறக்காமல் இருந்து அங்கே அவர் கிடந்தால்?

திரையில் அந்த மகன் கேட்டான்: என் அப்பா எப்படி இருக்கிறார்?

வெளியே ஒப்பாரி ஏறிக்கொண்டே வந்தது. சத்தம் ஏறினால் அதற்கு மேல் ஏறிப் பேசு, ஒவ்வோர் எழுத்தையும் அடி, இல்லாவிட்டால் கேட்காது. பிறந்ததிலிருந்து என் உடம்புக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தேன். அடிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் கேள்வி அப்பாவைப் பற்றியது. அந்த நொடி எனக்கு அது தேர்வுக் கேள்வியாகவே இல்லை. யாராவது அதே கேள்விக்கு எனக்குப் பதில் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அப்படிச் சொன்னால் எப்படிச் சொல்வார்களோ, எது ஒன்று என் காதில் விழ வேண்டுமோ, அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"யுவர் ஃபாதர் இஸ் ஸேஃப்."

முதல் மூன்று சொற்களும் எங்கே போயின என்று தெரியாது. 'ஸேஃப்' மட்டும் ஏறி, நீண்டு, மெதுவாக இறங்கியது. சத்தம் சேர்க்கவில்லை. சேர்க்க என்னிடம் இல்லை.

ஒப்பாரி நின்றது. தேய்ந்து நிற்கவில்லை, பாதிச் சொல்லில் நின்றது.

அந்தப் பெண்மணி தலையைச் சற்றே சாய்த்து என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டாளா, ரத்தா, என்ன சொல்லப் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மகனாகவே இருந்தாள். அவரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

நான் பதில் சொல்ல ஆரம்பித்தபோது கதவுக்கு அடியில் நிழல் திரும்பி வந்தது. அகலமான இரண்டு, பக்கத்தில் ஒடுங்கிய இரண்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சுருதி நடுங்கும், திரையில் கோடு கோணும் என்று அந்த நிலையிலும் மாதவியின் கம்ப்யூட்டர் ஞாபகம். மீதித் தேர்வை எப்படி முடித்தேன் என்று இன்றுவரை சரியாக நினைவில்லை.

கையால் சொன்னது

கதவைத் திறந்தேன். நைனா வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மல்லிகா அத்தை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட. நைனாவின் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இன்னொரு கை, உள்ளங்கை கீழே பார்த்து, காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தது. நிறுத்து, நிறுத்து.

முடிந்ததா என்று புருவத்தால் கேட்டார். நான் முஷ்டியை முன்னுக்குத் தள்ளினேன். ஓட்டு.

அவர் தெருவுக்கு இறங்கி அதையே காட்டினார். ஏகாம்பரம் மாமாவின் தறி முதலில் எழுந்தது, பிறகு ஒவ்வொன்றாகத் தெரு முழுதும். அந்தத் தடதடப்பு காலடியில் ஏறியபோது எனக்கு உயிர் வந்தது.

அத்தை முந்தானையை உருவினாள். மிச்சம் வைத்திருந்த ஒப்பாரி முழுதும் திட்டாக வந்தது.

"கல்லாட்டம் கீறியே பாவி! தெருவு பூரா சொன்னே, கூடப் பொறந்தவளுக்குச் சொல்ல வேணாமா? கரண்டு கீது, உன் தெருவு கப்சிப்புன்னு கீது, நான் இன்னான்னு நெனைப்பேன்?"

அத்தை வீடு பின்தெருவில், அது நம் தெரு இல்லையே என்று நைனா அவளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவள் மாவு பிசைந்த கையோடு ஓடி வந்திருக்கிறாள். ஏகாம்பரம் மாமா திண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர். "செத்துட்டான்னு அழுதுக்கினு வரா, அந்தச் செத்தவனே வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு எதுக்க ஓடியாறான், வாயத் தொறக்காம கையால அமுக்கறான். எவளுக்குத்தான் குரல் நிக்காது?" என்று அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு.

தன் குரலின் அளவு தெரியாத மனிதர். ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தாலும் அது எனக்குக் கேட்டிருக்கும், திரைக்கும் கேட்டிருக்கும். அவர் போடவில்லை.

ஒப்பாரி அந்தப் பக்கம் கேட்டதா என்பது முடிவு வரும்வரை தெரியவில்லை. வார்டில் போன் அதிரும்போதெல்லாம் ஓடிப் போய்ப் பார்த்தேன். கடைசியில் வந்தது. தேறியிருந்தேன். மாதவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கை தட்டும் சத்தமும், "அந்தே அக்கா!" என்ற குரலும் கேட்டன.

ரேணிகுண்டாவில்

ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து ஹைதராபாத், அங்கிருந்து மேற்கொண்டு. நகரியிலிருந்து காரில் வரும்போது அத்தைதான் வழி முழுதும் பேசினாள். நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் காவலாளி டிக்கெட் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் இவர்கள் வர முடியாது. நான் நைனாவின் முகத்துக்கு நேரே நின்று, பழைய பேச்சில், எல்லா எழுத்தையும் அடித்துச் சொன்னேன்: "மாத்-தி-ர-ம-றக்-கா-த-நை-னா." காவலாளி திரும்பிப் பார்த்தார். சண்டை என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும் நைனாவிடம் நான் இப்படித்தான் பேசுவேன் என்று அப்போது முடிவு செய்தேன்.

நைனா தலையாட்டினார். அங்கே தறி இல்லை, சுற்றிலும் அமைதி. அவருடைய குரலுக்கு அந்த வாசலே அதிர்ந்துவிடும் என்று நான் தயாராக நின்றேன்.

"போய்ட்டு வா" என்றார்.

ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். எந்த எழுத்தையும் விடாமல் ஒரே கனத்தில் அடிக்கிற மனிதர் அவர். அன்று 'போய்ட்டு' அவர் உதட்டிலேயே தங்கிவிட்டது. 'வா' மட்டும் ஏறியது, நீண்டது, முடியாமல் நின்றது. மாதவியின் திரையில் அதைப் போட்டிருந்தால் கோடு எங்கே எழும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தம் மட்டும் அதில் இல்லை. அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பக்கத்தில் நின்ற காவலாளிக்குக்கூட அது கேட்டிருக்காது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.